டெய்லரிங் யூனிட் ஓனருக்கு நேரம் பத்தலையா? எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

திருப்பூர்ல 15 வேலம்பாளையம்ங்கற ஊரு பக்கம் 24 மிஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்தறேனுங்க. எக்ஸ்போர்ட் கம்பெனிங்க கட் பண்ணி அனுப்புற பீஸ தெச்சு, பிசிறு வெட்டி, செக்கிங் முடிச்சு திருப்பி அனுப்பறது நம்ம வேலை. டெய்லர், கைமடி (டெய்லருக்குக் கை உதவி), செக்கிங், சூப்பர்வைசர் எல்லாம் சேத்து 32 பேரு, ஆரம்பிச்சு பதினாலு வருசமாச்சு. புதுசா யூனிட் போட்ட தம்பிங்க, பக்கத்து யூனிட் அண்ணனுங்கன்னு நெறைய பேரு எங்கிட்ட கேக்கறது ஒரே விசயம்தான், "காலைல எட்டு மணிக்குப் போனா ராத்திரி பத்துக்குத்தான் வீட்டுக்கு வர்றேன், ஆனா இன்னைக்கு என்ன வேலை பாத்தேன்னு கேட்டா சொல்லத் தெரியல". எனக்கும் மொத ஆறேழு வருசம் அப்படியேதான் போச்சு, அதனால இந்தக் கஷ்டம் எனக்கு நல்லாவே தெரியும். ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றத விட ஒரே எடத்துல எழுதி வெச்சா எல்லாருக்கும் ஆகும்னு எழுதறேன்.

காலைல வந்ததும் எந்த வேலைய மொதல்ல எடுக்கறதுங்க? எல்லாமே அவசரமாத்தான் தெரியுது.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்குவேன், இத நான் இப்ப பாக்கலைன்னா எத்தன கை நின்னு போகும்? கம்பெனில ஆர்டரப் பாத்துக்கற மெர்ச்சன்ட் போன்ல சத்தம் போடறாரு, பேங்க்ல இருந்து கூப்பிடறாங்க, அந்தப்பக்கம் எலாஸ்டிக் ரெண்டு ரோல்தான் இருக்குன்னு கைமடி அக்கா சொல்லுது. இதுல சத்தமே இல்லாதது எலாஸ்டிக்தான், ஆனா அதுதான் பத்தரை மணிக்கு லைன (வரிசையா ஓடற மிஷின் எல்லாத்தையும்) நிறுத்தும். 32 பேரு அரை மணி நேரம் சும்மா உக்காந்தா 16 மணி நேரம் போச்சு, அதாவது ரெண்டு ஆளோட முழு ஷிப்ட். பீஸ் ரேட்ல இருக்கறவங்களுக்கு அது அவங்க சம்பளத்துல கை வெக்கிற மாதிரி, ஷிப்ட் சம்பளம்னா நம்ம கையில இருந்து போகும், எப்படிப் பாத்தாலும் யாரோ ஒருத்தர் வயித்துல அடிக்கிறதுதானுங்க.

அதனால எட்டரைக்கு மிஷின் ஓட ஆரம்பிக்கும்னா நான் எட்டு மணிக்கே போயி லைன ஒரு தடவ மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நடந்து பாத்துருவேன். அன்னைக்கு ஏறப்போற பண்டில் (கட் பண்ணின பீஸ் கட்டு) இருக்கா, நூல் கோன் ஷேடு சரியா, லேபிள், எலாஸ்டிக், டேப் எல்லாம் நாள் முழுக்க வருமா, அப்ரூவல் ஆன சாம்பிள் பீஸ் மொத மிஷின் பக்கத்துல தொங்குதா, அவ்வளவுதான், இருவது நிமிசம் ஆகும். அந்த இருவது நிமிசத்துல போன் மேசை டிராயர்ல இருக்கும். இத ஒண்ண மட்டும் நீங்க பதினஞ்சு நாள் பண்ணிப் பாருங்க, மத்த பதிலெல்லாம் அப்புறம் படிச்சாக்கூட போதும்.

போன் நிக்கவே மாட்டேங்குது, எடுக்காம விட்டா ஆர்டர் போயிரும்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானதுதான். ஆனா என்ன போன் வருதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க. நான் ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதினேன், யாரு கூப்பிட்டாங்க, என்ன கேட்டாங்க, அந்த பதில வேற யாராவது சொல்லியிருக்க முடியுமா. பாத்தா முக்காவாசி ரெண்டே கேள்விதான், "எத்தன பீஸ் முடிஞ்சுது", "வண்டி எப்ப அனுப்புவீங்க". கம்பெனில இருந்து கூப்பிடற பையனயும் மேல இருந்து ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருப்பாரு, அவன் என்ன பண்ணுவான், நம்மளத்தான் கூப்பிடுவான்.

அதுக்கப்புறம் தெனமும் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வாட்ஸப் மெசேஜ் போகும், ஸ்டைல் நம்பர், தெச்சது எத்தன, செக்கிங் முடிஞ்சது எத்தன, ஆல்ட்டர் (திருத்தித் தெக்க வேண்டிய பீஸ்) எத்தன, வண்டி எத்தன மணிக்கு. அத அனுப்பறது நான் இல்ல, செக்கிங் டேபிள்ல இருக்கற தங்கச்சி. ஒண்ணு முக்கியங்க, கொறைவா ஓடியிருந்தாலும் உள்ளதத்தான் அனுப்பணும். ஒரு தடவ ஏத்திச் சொல்லி மாட்டிக்கிட்டா அதுக்கப்புறம் மெசேஜ ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, திரும்பவும் போன்தான்.

ஆள் வரலைன்னா நானே ஓவர்லாக் மிஷின்ல உக்காந்து தெச்சர்றேன், அது சரிதானே?

இதக் கேக்கறவங்க எல்லாம் நல்ல டெய்லரா இருந்து ஓனரானவங்க. நானும் அப்படித்தான், பதினேழு வயசுல இருந்து மிஷின்ல உக்காந்தவன், அதனால இத கொஞ்சம் வெவரமாவே சொல்றேன்.

மிஷின்ல உக்காந்தா மனசுக்கு ஒரு நிம்மதி இருக்குங்க. பீஸ் கண்ணு முன்னாடி விழுது, வேலை நடக்குதுன்னு தெரியுது, போன் எடுக்க வேண்டியதில்ல, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்த நிம்மதிதான் ஆபத்து. நீங்க உக்காந்து நல்லா தெச்சா ஒரு டெய்லர் பாக்கற வேலைதான் வரும், ஆனா அந்த நேரத்துல உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நகரலாம்னு நாலு பேரு நின்னுக்கிட்டு இருப்பாங்க, "ஓனரே தெச்சுக்கிட்டு இருக்காரு, அப்புறம் கேக்கலாம்"னு விட்டுருவாங்க. அந்த "அப்புறம்"தான் சாயங்காலம் ஆல்ட்டரா வந்து நிக்கும்.

எப்ப உக்காரலாம்னா, புது ஸ்டைல் ஏறும்போது மொத பத்து பீஸ். காலர் எப்படி வெக்கறது, எங்க இழுக்கும், எங்க சுருங்கும்னு நம்ம கையில தெச்சுப் பாத்தாத்தான் டெய்லருக்கு சொல்லிக்குடுக்க முடியும், ரேட் பேசும்போதும் கணக்கு கையில இருக்கும். அப்புறம் எந்திரிச்சரணும். ஆள் வராத நாளைக்கு நம்ம வேலை ஆள் புடிக்கறது, இல்லைன்னா லைன மாத்திப் போடறது. அதுக்காகவே நான் ரெண்டு மிஷினும் தெரிஞ்ச ஆளா நாலு பேர பழக்கி வெச்சிருக்கேன், சிங்கர் மிஷின்ல உக்கார்றவங்க பேட்லாக் மிஷினும் ஓட்டுவாங்க. பழக்க ஒரு மாசம் ஆச்சு, தெனமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் வேஸ்ட் துணில.

சூப்பர்வைசர்கிட்ட விட்டா தப்பாயிருதுங்ணா. நானே பாக்கறதுதான் பாதுகாப்பு.

மூணு வருசம் முன்னாடி நடந்தத சொல்றேன். நான் மேசைல உக்காந்து ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல பில் விசயமா பேசிக்கிட்டு இருந்தேன். எங்க சூப்பர்வைசர் ஒரு லேபிள கையில புடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. நான் போன காதுல வெச்சுக்கிட்டே கைய ஆட்டினேன். நான் ஆட்டினது "கொஞ்சம் பொறு". அவரு எடுத்துக்கிட்டது "சரி, போடு". எல் சைஸ் பண்டிலுக்கு எம் சைஸ் லேபிள் ஏறிப்போச்சு, 640 பீஸ். சாயங்காலம் செக்கிங்லதான் தெரிஞ்சுது. மூணு அக்காங்க ரெண்டு நாள் ராத்திரி உக்காந்து சைடு தையல பிரிச்சாங்க, மெல்லிசு துணி, பிரிச்ச எடத்துல ஊசி ஓட்டை தெரிஞ்சுது, அதுல 41 பீஸ் தேறல. அந்தக் காச நான்தான் கட்டினேன். அவர்மேல கோவப்பட ஒண்ணுமே இல்லைங்க, அவரு கேக்கத்தான வந்தாரு.

அன்னைக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் டீ வாங்கி வெச்சு உக்காந்து பேசி ஒரு அட்டைல எழுதினோம். எதுக்கெல்லாம் எங்கிட்ட கேக்கவே வேண்டாம்னு: 2,000 ரூபா வரைக்கும் நூல், ஊசி, மிஷின் சாமான் வாங்கறது, ஆள மிஷின் மாத்தி உக்கார வெக்கறது, அரை நாள் லீவு குடுக்கறது, ஆட்டோ கூப்பிடறது. எதுக்கெல்லாம் நான் போன்ல இருந்தாலும், சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் நிறுத்திட்டு கேக்கணும்னு: அளவு மாறினா, ஷேடு மாறினா, லேபிள் சந்தேகம்னா, யாருக்காவது கையில ஊசி ஏறிருச்சுன்னா. இந்த நாலுக்கும் அவரு வந்து நின்னா நான் போன வெச்சரணும், யாரு பேசிக்கிட்டு இருந்தாலும் சரி. அந்த அட்டை இன்னமும் கட்டிங் ரேக் பக்கம் ஒட்டியிருக்கு, நாலு தடவ மாத்தி எழுதியாச்சு.

ஆள்கிட்ட விடறதுன்னா "நீ பாத்துக்க"ன்னு சொல்லிட்டுப் போறது இல்ல. எது அவரு முடிவு, எது நம்ம முடிவுன்னு கோடு போட்டுக் குடுக்கணும், கோட்டுக்கு உள்ள அவரு எடுத்த முடிவு தப்பாப் போனாலும் எல்லார் முன்னாடியும் பேசக்கூடாது. ஒரு தடவ பேசிட்டா அடுத்த நாள்ல இருந்து ஊசி வாங்கறதுக்கும் உங்களத்தான் கேப்பாரு.

ஜிஎஸ்டி, பிஎஃப் வேலையெல்லாம் கடைசி நாள் ராத்திரிதான் ஞாபகம் வருது.

தேதி மாறாத வேலைக்கு ஞாபக சக்தியே தேவையில்ல, செவுத்துல எழுதிட்டா போதும். டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே புடிச்சுக் கட்டற வருமான வரி) புடிச்சிருந்தா 7-ம் தேதி. மாசா மாசம் ரிட்டர்ன் போடறவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (நாம போட்ட பில் விவரம்) 11-ம் தேதி, 3பி (வரி கட்டற ரிட்டர்ன்) 20-ம் தேதி. பிஎஃப், இஎஸ்ஐ 15-ம் தேதி. அட்வான்ஸ் டாக்ஸ் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15. 3பி லேட்டானா ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீ, வரி பாக்கிக்கு வருசத்துக்கு 18 சதவீதம் வட்டி வேற.

அஞ்சு கோடிக்குள்ள டர்ன் ஓவர் இருக்கறவங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிட்டர்ன் போடற திட்டத்துல இருக்கலாம். ஆனா அதுல இருந்துக்கிட்டு பில்ல மாசா மாசம் 13-ம் தேதிக்குள்ள ஏத்தலைன்னா கம்பெனியோட 2பி-ல (அவங்க ஜிஎஸ்டி கழிச்சுக்கறதுக்குப் பாக்கற பட்டியல்) நம்ம பில் வராது, அது 14-ம் தேதி எறங்கிரும். வரலைன்னா ஜிஎஸ்டி தொகைய நிறுத்தி வெச்சுத்தான் குடுப்பாங்க. அப்புறம் அதுக்கு அலையறது யாரு, நாமதான்.

நான் பண்றது, ஒவ்வொரு தேதிக்கும் நாலு நாள் முன்னாடி ஒரு தேதிய எழுதி அதத்தான் கடைசி நாளா வெச்சிருக்கேன். ஆடிட்டர் ஆபீஸ்லயும் கடைசி நாள்ல கூட்டம், வெப்சைட்டும் அன்னைக்குத்தான் சுத்திக்கிட்டே நிக்கும். பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு ஃபைல்ல போயிரும்.

சனிக்கிழமை முழுக்க சம்பளத்துலயே போயிருது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே பீஸ் கணக்க முடிச்சு அவங்கவங்ககிட்ட துண்டுச்சீட்டு குடுத்துருங்க. சண்டையெல்லாம் கணக்குலதான் வரும், காசுல வராது. அன்னைக்கே பேசித் தீத்துட்டா சனிக்கிழமை எங்களுக்கு முக்கா மணி நேரந்தான்.

வர வேண்டிய பணத்துக்கு போய்க் கேக்கவே நேரம் இல்ல.

வசூல் இல்லாமத்தான் நெறைய யூனிட் மூடறாங்க, அதனால மனசு விட்டுச் சொல்றேன். வசூலுங்கறது சத்தம் போடாத வேலை. இன்னைக்குப் போகலைன்னா இன்னைக்கு ஒண்ணும் ஆகாது, நாளைக்குப் போகலைன்னாலும் ஒண்ணும் ஆகாது. ஒரு சனிக்கிழமை சம்பளத்துக்கு கையில காசில்லாம நிக்கும்போதுதான் தெரியும், அதுக்குள்ள மூணு மாசம் ஓடியிருக்கும், அப்புறம் தண்டல் வாங்கி சம்பளம் குடுக்கற நெலமை.

எனக்கு செவ்வாய்க்கிழமை காலைல பத்துல இருந்து பன்னண்டு வரைக்கும் வசூல் நேரம். வேற எந்த வேலையும் அதுல ஏறாது, லைன் நின்னா மட்டும் விதிவிலக்கு. ஒரு பேப்பர்ல கம்பெனி பேரு, பில் நம்பர், தேதி, எத்தன நாளாச்சு. நேர்லயே போவேன், அவிநாசி ரோட்டுல ரெண்டு, பெருமாநல்லூர் பக்கம் ஒண்ணுன்னு ஒரே வழியா வர்ற மாதிரி. முதலாளியப் பாக்கறது இல்லைங்க, அக்கவுண்ட்ஸ்ல செக் எழுதறவரப் பாக்கறது. பில்லுல டிசி (டெலிவரி சலான்) நம்பர் விட்டுப்போச்சு, பீஸ் எண்ணிக்கை ஒத்துவரல, இப்படி சின்னக் காரணத்துக்கு அடில கெடக்கற பில் எத்தனையோ, போய் நின்னாத்தான் வெளிய வரும்.

சட்டமும் நம்ம பக்கம் கொஞ்சம் இருக்குங்க. உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு) இருந்தா, 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தாக்கூட 45 நாளுக்கு மேல போகக்கூடாது, ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். 2023-24 நிதியாண்டுல இருந்து, அந்த நாளுக்குள்ள குடுக்கலைன்னா கம்பெனிக்காரங்க அந்தச் செலவ, பணம் எப்ப குடுக்கறாங்களோ அந்த வருசத்துலதான் வருமான வரில கழிச்சுக்க முடியும். அரசாங்கத்தோட போர்ட்டல்ல புகாரும் குடுக்கலாம். நான் இதுவரைக்கும் புகார் வரைக்கும் போனதில்ல, ஆனா பில்லு கீழ உத்யம் நம்பர அச்சடிச்சதுக்கு அப்புறம் மார்ச் மாசத்துல அவங்களே கூப்பிட்டுப் பணம் போடறாங்க.

வர்ற ஆர்டர வேண்டாம்னு எப்படிச் சொல்றது? மறுபடி தரலைன்னா?

கணக்கக் கையில வெச்சுக்கிட்டு சொல்லுங்க. எங்கிட்ட 18 டெய்லர், ஆளுக்கு 480 நிமிசம், மொத்தம் 8,640 நிமிசம். ஒரு டி-சர்ட் தெக்க ஒன்பது நிமிசம்னா காகிதத்துல 960 பீஸ் வரணும். வராது. நூல் மாத்தறது, பண்டில் மாத்தறது, கரண்ட் போறது, தண்ணி குடிக்கறது எல்லாம் போக எங்க யூனிட்ல பத்துல ஆறு பங்குதான் நிக்கும், 570, 580 பீஸ். 6,000 பீஸ் ஆர்டர் காகிதத்துல ஆறு நாள் சொச்சம், நெசத்துல பத்து நாளுக்கு மேல. காகிதக் கணக்க நம்பி தேதி சொல்றவங்கதான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஷட்டர இழுத்துட்டுப் போறது.

தீபாவளி, பொங்கல் சமயத்துல இன்னும் கவனமா இருக்கணும். வெளியூர் ஆளுங்க மூணு நாள் முன்னாடியே கெளம்பிருவாங்க, திரும்பி முழுசா மிஷின் நெறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அது அவங்க வருசத்துக்கு ஒருக்கா ஊரு பாக்கற நேரம், அதுல நாம கை வெக்கக்கூடாது, நாமதான் காலண்டர அதுக்கேத்த மாதிரி போடணும்.

சொல்றப்ப மொட்டையா "முடியாது"ன்னு சொல்றது இல்ல, "இந்தத் தேதிக்கு 3,000 தர்றேன், மிச்சம் அடுத்த புதன்கிழமை, சரின்னா அனுப்புங்க". சொன்ன புதன்கிழமை பீஸ் போய் எறங்கிருச்சுன்னா அவங்களே திரும்ப வருவாங்க.

காலைல நாலரைக்கு எந்திரிச்சாத்தான் முன்னேற முடியும்ங்கறாங்களே?

ராத்திரி பன்னண்டுக்குப் படுத்துட்டு நாலரைக்கு எந்திரிச்சு பைக்க எடுக்காதீங்க. தூக்கம் கெட்ட தலையோட ஷேடு பாத்தா நேவியும் கருப்பும் ஒண்ணாத்தான் தெரியும்.

ஆப் ஏதாவது யூஸ் பண்றீங்களா?

மாசக் காலண்டர் ஒண்ணு, செவுத்துல, பெருசா. டெலிவரி தேதி நீலப் பேனா, வரி தேதி செவப்பு. இபி மாசாந்திர பராமரிப்புக்கு எந்த நாள் கரண்ட் நிறுத்துவாங்கன்னு பேப்பர்ல வந்ததும் அதயும் எழுதிருவோம். அன்னைக்கு ஜெனரேட்டர் போட்டு டீசல்ல காச விடாம மிஷின் எண்ணெய் மாத்தறது, மெக்கானிக்க வரச்சொல்றது, காதர்பேட்டைல சாமான் வாங்கறது எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சுக்குவோம், செக்கிங்கும் பிசிறும் சன்னல் வெளிச்சத்துல ஓடும். காலண்டர் எல்லார் கண்ணுக்கும் படற எடத்துல இருக்கறதுதான் விசயம். எங்க டெய்லர் அக்கா ஒருத்தங்க டீ குடிக்கும்போது பாத்துட்டு "ஏனுங்க, வியாழக்கெழம ரெண்டு டெலிவரி போட்டிருக்கீங்க, வண்டி ஒண்ணுதான இருக்கு"ன்னாங்க. போன்ல வெச்சிருந்தா அது எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும்.

வீட்டுக்கு நேரம் ஒதுக்கவே முடியல. இதுக்கு வழி இருக்கா?

எம்பொண்ணு அஞ்சு வயசு வரைக்கும் நான் வீட்டுக்குப் போறப்ப தூங்கிக்கிட்டு இருப்பா, காலைல நான் கெளம்பறப்பவும் தூங்கிக்கிட்டு இருப்பா. ஞாயித்துக்கெழம மட்டும் பாக்கற அப்பா. ஒரு நாள் யூனிட்டுக்கு வந்தவ நேரா சூப்பர்வைசர்கிட்டப் போய் கையப் புடிச்சுக்கிட்டா, எங்கிட்ட வர கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டா. அன்னைக்கு எனக்கு வேலையே ஓடல.

வாரத்துல எப்படியும் மூணு நாளாவது ஒன்றரை ஷிப்ட் ஓடும், ராத்திரி எட்டரை ஒன்பது ஆயிரும். நான் இல்லாம ஷட்டர் எறக்கினா ஏதாவது ஆயிரும்னு சாவிய ஒருத்தர்கிட்டயும் குடுத்ததே இல்ல. இப்ப செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு நான் கெளம்பிருவேன், சாவி சூப்பர்வைசர்கிட்ட. மொத ரெண்டு வாரம் வீட்டுல உக்காந்துக்கிட்டு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டேன், அப்புறம் அவரே சொன்னாரு, "நீங்க கூப்பிடறதுக்கு எந்திரிச்சு எந்திரிச்சு வர்றதுலதான் எனக்கு வேலை கெடுதுங்க". அவரு சொன்னது சரி. அதுக்கப்புறம் பூட்டினதும் போட்டோ மட்டும் அனுப்புவாரு, மெயின் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கறது, ஐயர்ன் பாக்ஸ் பிளக்க புடுங்கி மேல வெச்சது, ஷட்டர்ல பூட்டு, மூணும் ஒரே படத்துல வராதுன்னு மூணு படம் அனுப்புவாரு. ஒன்பது மணி வாக்குல வரும். அந்நேரத்துக்கு பொண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுத்துக்கிட்டு இருப்பேன், இப்ப ஏழாம் வாய்ப்பாட்டுல இருக்கா.